தெம்மாலின்னா என்ன?

உங்கள் பேரைச் சொல்லி யாராவது பின்னாலிருந்து கூப்பிடும்போது, திரும்பிப் பார்ப்பது நீங்கள்தானா, இல்லை உங்கள் கழுத்து மட்டும்தானா? அவசரமில்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். ஏழுமடை ஜனங்கள் இதை யோசிக்க ஒரு கோடைகாலத்தையே செலவழித்தார்கள், ராகி காய்ந்ததையும் ஆடு தொலைந்ததையும்கூட அந்தக் கோடையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து, ஜீப்பும் போதுமென்று நிற்கிற இடத்தில் ஓடையைத் தாண்டி ஏறினால் ஏழுமடை. அங்கே பேசுகிற பேச்சைக் கீழே இருப்பவர்கள் மலைப்பேச்சு என்பார்கள். மேலே இருப்பவர்கள் அதற்குப் பேரே வைக்கவில்லை, வாய்க்குள் இருப்பதற்கு எதற்குத் தனியாக ஒரு பேர் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது. அந்தப் பேச்சில் பாதி, ஆட்களின் பேராகவே ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. பொடித்தூறல் விழும்போது பிறந்தவள் தூவி. குளிரில் பிறந்து, துணி விற்க வந்தவனின் கம்பளியில் சுற்றப்பட்டு, அந்தக் கம்பளியைக் கடைசிவரை திருப்பிக் கொடுக்காதவர் தூவியின் அப்பா கம்பளியன். நிலா வெளிச்சத்துக்கு அவர்கள் பேச்சில் பெள்ளு என்று பேர், அந்த வெளிச்சத்தில் பிறந்தவன் தூவியின் புருஷன் பெள்ளன். அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், கூப்பிடத்தானே வைத்தது என்பாள்.

பேர் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. தொப்புள்கொடி விழுந்த பிறகு, தாய்க்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேற்கே இருக்கிற மொட்டைக் கல்லில் ஏறி நிற்க வேண்டும். எதிரே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேனடை தொங்குகிற கரும்பாறை. தாய்க்காரி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பேரைக் கத்துவாள், கரும்பாறை அதைத் திருப்பிச் சொல்லும், உடனே குழந்தையின் நாக்கில் தேனைத் தடவுவார்கள், அவ்வளவுதான். அப்பன் கத்தினால் ஆகாதா என்று கேட்டால், வலியெடுத்துக் கத்தினவள் தொண்டைதான் பாறைக்குப் பழக்கம் என்பார்கள். பேர் திரும்பி வருகிறவரைக்கும் குழந்தையை ஓடை தாண்டித் தூக்கிப்போகக் கூடாது, அதற்குப் பேர் 'இது' மட்டும்தான். இது அழுவுது, இது பால் குடிச்சிருச்சு, இதுக்கு வயித்த வலி.

அந்தக் கரும்பாறைதான் ஒருநாள் கேள்வி கேட்டது.

தை அறுப்பு முடிந்திருந்த சமயம். கெம்பி தன் மகனைத் தூக்கிக்கொண்டு மொட்டைக் கல்லில் நின்று, அவள் புருஷன் போனில் தேடிப் பிடித்த பேரை, நாக்கு சுளுக்காத குறையாக, "தஷ்விக்!" என்று கத்தினாள். வழக்கமாகப் பேர் திரும்பி வருகிற நேரம் கழிந்தது. பிறகு பாறை, தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி கொஞ்சம் மண்ணை உதிர்த்துவிட்டு, ஏழுமடைப் பேச்சிலேயே, ஏழுமடை இழுவையிலேயே கேட்டது:

"அப்படின்னா என்ன?"

"என்னைக் கேட்டா? அவங்கப்பனைக் கேளு" என்று கெம்பி பள்ளத்தாக்கைப் பார்த்துப் பதில் சொன்னாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அவள் புருஷனைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

பாறை பேசிவிட்டதே என்று ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை தலைமுறையாகச் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒருநாள் சந்தேகம் கேட்டால் என்ன தப்பு என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாத்தியார் சந்தேகம் கேளுங்க, சந்தேகம் கேளுங்க என்று சொல்லிச் சொல்லி அது பாறையின் காதில் விழுந்திருக்கும் என்று ஒருத்தர் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர்களுக்கு இருந்த கஷ்டமெல்லாம், பதில் கிடைக்கிறவரைக்கும் அது விடுவதாக இல்லை என்பதுதான். ஆடு ஓட்டிப் போகும்போது அப்படின்னா என்ன, ராகி திரிக்கும்போது அப்படின்னா என்ன, வாயில் களியை வைக்கும்போது அப்படின்னா என்ன. கெம்பியின் புருஷன் சிக்னல் கிடைக்கிற பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்து, வெற்றி என்று கத்தினான், அப்புறம் சூரியன் என்று கத்தினான், அப்புறம் எந்தத் தேசத்திலோ ஓடுகிற ஆறு என்று கத்தினான். அதில் எதையும் அவனே நம்பவில்லை என்பது பாறைக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் கெம்பியின் அடுப்பு மூலையிலிருந்து ஈசல் கிளம்பி வீடு முழுக்கப் பறக்க, அவள் ஒரு கையில் முறத்தையும் ஒரு கையில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், "ஈசலன்! எங்க வீட்டுல ஈசல் பறந்துச்சு, அதான்!" என்று கத்தினாள். பாறை அந்தப் பேரை அத்தனை தெளிவாகத் திருப்பிச் சொன்னது. ஊரே அன்றைக்கு வறுத்த ஈசல் தின்றது.

அதற்கப்புறம் மொட்டைக் கல்லில் கூட்டம் குறையவே இல்லை. ஜீப் டிரைவர் தன் பேரைக் கத்திப் பார்த்தார், தெரியாமல் முழித்தார், கீழே போய் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து பதில் சொன்னார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை முதலில் கல்லில் ஏற்றிப் பேரைச் சொல்ல வைத்தார்கள், பேருக்கு விவரம் தெரியாதவனுக்கு வேறு எதில்தான் விவரம் இருக்கப்போகிறது என்றார்கள் பெண்ணைப் பெற்றவர்கள். ஒருத்தர் பாறைக்குக் கேட்காமல் போகட்டும் என்று பேரைக் கிசுகிசுத்தார், பாறையும் அதே மாதிரி கிசுகிசுப்பாகக் கேட்டது. கெம்பியின் புருஷன் பழைய கடுப்பில் தன் நாயைக் கூட்டிப்போய் "டைகர்" என்று கத்தி, பாறை கேட்டதும், "புலி!" என்றான். பாறை அந்த நாயைப் பார்த்தது போலிருக்கிறது. அன்று பொழுது சாய்கிறவரைக்கும் அது யாரோடும் பேசவில்லை.

ஊசி போட வருகிற நர்ஸம்மா புளோரா ஒருதரம் சிரித்துக்கொண்டே ஏறித் தன் பேரைச் சொன்னாள். பாறை கேட்டது. "எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுப்பா. எங்கம்மாவுக்குப் பிரசவம் ரொம்பக் கஷ்டமாப் போச்சாம். காப்பாத்துன டாக்டரம்மா பேரு அது. யாரோட பேருன்னு மட்டும் தெரியும்" என்றாள். பாறை "புளோரா" என்று அழகாகத் திருப்பிச் சொன்னது. அப்போதுதான் ஏழுமடைக்காரர்களுக்கு விளங்கியது, பாறைக்கு எந்தப் பேச்சுப் பேர் என்பதில் ஒரு பேதமும் இல்லை, கூப்பிடுகிறவளுக்குத் தான் எதைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

இப்படி எல்லாம் ஓரளவு பழகிப்போயிருந்த சித்திரையில்தான் தூவிக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் தூவி அதன் காதைப் பிடித்துப் பார்த்து, நெற்றியைத் தடவிப் பார்த்து, பேரைத் தீர்மானம் பண்ணிவிட்டாள். தெம்மாலி.

தெம்மாலி அவளுடைய அக்கா. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். அங்கே இருந்த டீச்சர் நல்லவள்தான், புண்ணுக்கு மருந்து போடுவாள், பேன் பார்ப்பாள், ஆனால் மலைப்பேர் அவள் வாயில் நிற்காது. "தூவியா? இதெல்லாம் ஒரு பேராடி? நீ துர்கா. உங்கக்கா தேன்மொழி" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். மறுநாள் துர்கா என்று கூப்பிட்டதும், மதியம் முட்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்த தூவி, சட்டென்று எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றுவிட்டாள். தேன்மொழி என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. தெம்மாலி முதல் பெஞ்சில், டீச்சர் கைக்கு எட்டுகிற தூரத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தேன்மொழி, தேன்மொழி என்று டீச்சர் அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் ஜன்னலைப் பார்த்தாள், யாரோ தேன்மொழியாம், இன்னும் வரவில்லையாம் என்கிற மாதிரி. டீச்சருக்கும் வீம்பு, வரவில்லை என்று போட்டுவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அப்படியே. மழையிலும் வெயிலிலும் ஒருநாள் தவறாமல் வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, வராதவளாகவே இருந்து, வருகை பற்றாது என்று சொல்லி அதே வகுப்பிலேயே போடப்பட்டாள். வீட்டில் அடித்துக்கூடப் பார்த்தார்கள். "அவங்க என்னைக் கூப்பிடவே இல்லியே" என்பாள். அடுத்த மழையில் காய்ச்சல் வந்து, ஓடையில் வெள்ளம் வடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக முடியாமல், அவள் போய்ச்சேர்ந்தாள். அதோடு அந்தப் பேரை ஏழுமடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஏ பெள்ளா, இதுக்குத் தெம்மாலின்னு வெக்கப்போறேன்" என்றாள் தூவி, பிள்ளைக்குக் கால் நீவிவிட்டுக்கொண்டே.

"வேண்டாம் தூவி. நான் ரித்விகான்னு யோசிச்சு வெச்சிருக்கேன். கீழ மண்டியில எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

"மண்டியில சொல்றதைக் கேட்டு வெக்க இது என்ன உருளைக்கிழங்கா?"

"சிரிக்காத. நான் பெள்ளன்னு சொன்னதும், வெல்லம் வந்துட்டான்டா, எறும்பு மொய்க்கப் போவுதுங்கறானுங்க. மூட்டை இறக்கி முடிக்கிறவரைக்கும் அதே சிரிப்பு. தினமும். எம்பொண்ணு வகுப்புல எந்திரிச்சு நிக்கும்போது எவனும் சிரிக்கக் கூடாது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளையின் இன்னொரு காலை எடுத்து நீவினாள். "சிரிச்சா சிரிச்சவன் பல்லுதான் காயும். அக்கா பேருதான்" என்றாள்.

"சரி. கரும்பாறை கேட்டா பதில் சொல்லிடு, தெம்மாலின்னே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. மூடுபனி ஏறுறதுக்குள்ள சொல்ல முடியலேன்னா, ரித்விகா. அதுக்கு நான் அர்த்தம் படிச்சுக் கேட்டு உருப்போட்டு வெச்சிருக்கேன்."

தூவி சரியென்றாள். நம்ம பேச்சுப் பேர்தானே, பாறை ஏன் கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூடுபனிதான் கெடு. ஆனியில் மழை இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கு பஞ்சு திணித்த தலையணை மாதிரி ஆகிவிடும், கத்தினால் சத்தம் போகாது, போனால் திரும்பாது. அதற்குள் பேர் வாங்காத பிள்ளை ஐப்பசி வரைக்கும் 'இது'தான்.

தொப்புள்கொடி விழுந்த பிறகு நல்ல வெயிலில் தூவி மொட்டைக் கல்லில் ஏறினாள். ஊரே கூடியிருந்தது. கம்பளியன் தேன் கிண்ணத்தோடு நின்றார், மூத்த மகள் பேரை மறுபடி கேட்கப்போகிறார். தூவி கத்தினாள்.

"தெம்மாலீ!"

பாறை, அந்தப் பேரை எங்கேயோ கேட்ட ஞாபகம் வருகிற மாதிரி மெதுவாக, "அப்படின்னா என்ன?" என்றது.

தூவி அப்பாவைப் பார்த்தாள். கம்பளியன், "எங்க சின்னம்மா பேரு அது. அவங்களுக்கு எவரு வெச்சாங்களோ, எதுக்கு வெச்சாங்களோ. யாரு கேட்டா அப்பல்லாம்" என்றார். அந்தச் சின்னம்மாவை அவரே பார்த்ததில்லை. புளோரா சொன்ன மாதிரி அக்கா பேர் என்று சொல்லிப் பார்த்தாள் தூவி. பாறை விடவில்லை. அக்கான்னா யார், என்ன செய்தவள் என்று கேட்காமல் கேட்கிற மாதிரி, மறுபடி அதையே கேட்டது.

அதற்கப்புறம் அவள் கேட்காத வீடு இல்லை. இடுப்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு காலையில் களி கிண்டிவிட்டுக் கிளம்புவாள், விறகோடு திரும்புவாள், போகிற வழியில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்துவாள். கொட்டாத தேனீக்குத் தெம்மாலி என்று பேர் என்றார் ஒருத்தர், தேனெடுக்கிறவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். அது ஒரு கொடி என்றாள் ஒருத்தி, எந்தக் கொடி என்றால் இப்போது இல்லை என்றாள். பக்கத்து மலைக்கு ஏறிப்போய்க் கேட்டாள், அங்கே மோர் கொடுத்து உட்கார வைத்து, எங்க பேருக்கே எங்களுக்குத் தெரியலம்மா, எங்களுக்கு அந்த மாதிரி ஒரு பாறை இல்லையே என்று வருத்தப்பட்டார்கள். இங்கே பாறை ஓயவில்லை. கேட்டுக் கேட்டு ஆடுகளுக்குப் பால் இறங்கவில்லை, கைக்குழந்தைகள் பகலில் தூங்கவில்லை, பெரியவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"ஏ தூவி, கொடின்னு சொல்லித் தொலையேன். பாறை என்ன கொடியைக் காட்டுன்னா கேக்கப்போவுது?" என்றாள் கெம்பி.

"கேட்டா?"

"என் பையனுக்கு ஈசல் வந்த மாதிரி உனக்கும் ஏதாச்சும் வரும். அடுப்படியைப் பாரு. எறும்புன்னு வெச்சுக்க."

"எனக்குப் பேரு இருக்குடி, அர்த்தம்தான் இல்ல. உனக்கு வந்தது வேற, எனக்கு வேண்டியது வேற."

"அப்ப நாங்க காது பஞ்சை எடுக்க வேண்டாங்கற" என்று கெம்பி பஞ்சைத் திரும்பச் செருகிக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் விறகுக்குப் போனபோது தூவியின் விறகுச்சுமையையும் சேர்த்துத் தூக்கிவந்து போட்டாள்.

தூவி பொய் சொல்லப் பயந்தவள் இல்லை, ஆட்டுக்குப் பால் இருக்கா என்றால் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இந்த ஒரு விஷயத்தில் அவளால் முடியவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பொய்ப் பேருக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்குப் பொய் அர்த்தத்தை மாட்டிவிடுவதா? மாட்டேன். ஐப்பசி வரைக்கும் 'இது'வாகவே இருந்தாலும் சரி என்று அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொல்லுவாள், பிள்ளையும் சரிதான் என்கிற மாதிரி உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் பள்ளத்தாக்கின் அடியில் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. மத்தியானத்துக்குள் அது எழுந்து உட்கார்ந்தது. மூடுபனி. பெள்ளன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான், அவனுக்கும் சந்தோஷமாக இல்லை. "வா தூவி. ஏறி முடிச்சுட்டு வந்துடலாம். ரித்விகாவும் நல்ல பேருதான்" என்றான். கம்பளியன் தேன் கிண்ணத்தை எடுத்தார். மூன்று பேரும் பிள்ளையுமாக மொட்டைக் கல்லுக்கு நடந்தார்கள், கேள்வி ஓய்ந்தால் போதும் என்று ஊரும் பின்னால் வந்தது. கல்லில் ஏறி நின்றபோது பனி முட்டிக்குக் கீழே வந்து முட்டிக்கொண்டிருந்தது, எதிரே கரும்பாறையின் தலை மட்டும்தான் தெரிந்தது, அது அலுத்துப்போன குரலில் அப்படின்னா என்ன, அப்படின்னா என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "துர்கா! ஏம்மா துர்கா!"

ஊசிப்பெட்டியோடு மூச்சு வாங்க ஏறிவந்த புளோரா. பள்ளிக்கூடத்துப் பேரைப் பார்த்து எழுதின அவள் நோட்டில் இருந்தது அந்தப் பேர்தான், பாவம், அவளுக்கு என்ன தெரியும். தூவி சட்டென்று திரும்பினாள். திரும்பின பிறகுதான், திரும்பினது தன் கழுத்து என்பதும், கழுத்துக்குள் இருந்தவளை யாரும் கூப்பிடவே இல்லை என்பதும் அவளுக்கு உறைத்தது. அக்காவாக இருந்தால் திரும்பியிருக்க மாட்டாள். தீப்பிடித்தது துர்கா என்று கத்தியிருந்தால்கூட, யாரோ துர்காவாம் என்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

தூவி பாறையின் பக்கம் திரும்பினாள். பிள்ளையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். பனி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது.

"தெம்மாலீ!"

"அப்படின்னா என்ன?"

"வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்காதவ!" தூவி தொண்டை கிழியக் கத்தினாள். "முதல்ல என்ன அர்த்தம் இருந்துச்சோ எனக்குத் தெரியாது. எங்கக்கா அந்தப் பேரை வெச்சுக்கிட்டு முதல் பெஞ்சில உக்காந்தா பாரு, அன்னையிலிருந்து அதுக்கு இதான் அர்த்தம்! நான் பாத்தேன்! நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்!"

பனி ஏறி அவளை மூடிக்கொண்டது. பிள்ளையை மூடிக்கொண்டது. எதிரே பாறையும் இல்லை, கீழே பள்ளத்தாக்கும் இல்லை, கம்பளியன் கையில் இருந்த கிண்ணம்கூடத் தெரியவில்லை. கேள்வி நின்றுபோயிருந்தது. அவ்வளவு நாள் கேட்டுப் பழகின காதுக்கு அந்த நிசப்தம் வலித்தது. பெள்ளன் எதையோ சொல்ல வாயெடுத்தான், ரித்விகாவாக இருக்கும், எடுத்த வாயை அப்படியே வைத்துக்கொண்டான்.

ஏனென்றால் அந்தப் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து, சத்தமே வரக் கூடாத இடத்திலிருந்து, பேர் வந்தது. தெம்மாலி. மெதுவாக வந்து, பிள்ளையின் காதைத் தேடிக் கண்டுபிடித்து, உட்கார்ந்தது. பிள்ளை அதுவரை எதற்கும் திரும்பாத தலையைத் திருப்பியது. இன்னொரு தரம் வந்தது, தெம்மாலி, இந்தத் தரம் அது ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கீழே பள்ளிக்கூடத்துக் கூரை வரைக்கும் போயிற்று என்று அன்றைக்கு ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள்.

கம்பளியன் பனிக்குள் தடவித் தடவி, பேத்தியின் வாயென்று நினைத்து முதலில் மகள் கன்னத்தில் தேனைத் தடவினார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கெம்பி காதிலிருந்த பஞ்சை எடுத்துத் தூர எறிந்தாள்.

"நான் தப்பாக் கூப்பிட்டுட்டனா?" என்றாள் புளோரா.

"இல்ல நர்ஸம்மா, சரியான நேரத்துக்குக் கூப்பிட்டீங்க. எம்பேரு தூவி. பொடித்தூறல்ல பிறந்தேன். இது தெம்மாலி."

இறங்கும்போது பெள்ளன் அவள் பக்கத்தில் வந்து நடந்தான். "கீழ சிரிப்பாங்க தூவி" என்றான்.

"சிரிக்கட்டும். என்ன அர்த்தம்னு கேட்டா சொல்லத் தெரியுமில்ல நமக்கு? சொன்ன பிறகு சிரிக்கிறவனை என்கிட்ட அனுப்பு."

அவன் பிள்ளையை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது, "தெம்மாலி" என்று ஒருதரம், யாருக்கும் கேட்காத மாதிரி சொல்லிப் பார்த்தான். வாய்க்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அடுத்த வெயில் வந்ததும் அவர்கள் ஓடை தாண்டி இறங்கினார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் தூவி நின்றாள். அந்தப் பழைய டீச்சர் இல்லை, பெஞ்சுகள் மாறியிருந்தன, ஆனாலும் உள்ளே யாரோ ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு குரலாகப் பதில் வந்துகொண்டிருந்தது. தூவி ஜன்னல் வழியாக முதல் பெஞ்சைப் பிள்ளைக்குக் காட்டினாள். இன்னும் பல்கூட முளைக்காத அந்த வாய்க்குப் பக்கத்தில் தன் வாயைக் கொண்டுபோய், அவள் சொன்னாள்:

"நீ பெரிசானதும் இங்க வந்து உக்காருவ கண்ணு. தெம்மாலின்னு கூப்பிடுவாங்க. அப்ப எந்திரிச்சு நின்னு, நல்லாச் சத்தமா, உங்க பெரியம்மாவுக்கும் சேத்து, 'உள்ளேன் டீச்சர்'னு ஒரு தடவை சொல்லிடு."